ஃப்ளாஸ்க்ல 3%, ரியாக்டர்ல 11%: அதே ரியாக்சன், இம்ப்யூரிட்டி மட்டும் எப்படி ஏறுது?

மோல்_கணக்கு:

வணக்கம் மக்களே, ரெண்டு வாரமா ஒரே மண்டக்குடைச்சல், யாராச்சும் இதப் பாத்திருந்தா சொல்லுங்க.

நான் அஞ்சு வருசம் லேப்ல மட்டும் இருந்துட்டு இப்பதான் பைலட் பிளான்ட் (லேப்புக்கும் ஃபேக்டரிக்கும் நடுவுல இருக்கற சோதன பிளான்ட்) பக்கம் வந்திருக்கேன். ரியாக்சன் ரொம்ப சிம்பிள். பைப்பரசின்ல ரெண்டு நைட்ரஜன் இருக்கு, அதுல ஒன்னு மட்டும் ஒரு ஆசிட் குளோரைடோட சேரணும், அவ்ளோதான். ரெண்டு பக்கமும் சேந்துட்டா அது வேண்டாத சரக்கு, நாங்க 'பிஸ்'னு சொல்லுவோம். லேப்ல 500 எம்எல் ஃப்ளாஸ்க், பைப்பரசின் 2 ஈக்விவலன்ட் (ஆசிட் குளோரைடு ஒரு மோலுக்கு ரெண்டு மோல்), ஐஸ் பாத்ல 0-5 டிகிரி, ட்ராப்பிங் ஃபனல்ல இருந்து அரை மணி நேரத்துல சொட்டு சொட்டா ஆசிட் குளோரைடு. பிஸ் 3%. நாலு தடவ பண்ணேன், நாலு தடவயும் 3-ஐ ஒட்டியே வந்துச்சு.

அதையே 250 லிட்டர் ரியாக்டர்ல அப்படியே 500 மடங்கு பெருசாக்கி போட்டோம். அதே சால்வென்ட், அதே ரேஷியோ, அதே டெம்பரேச்சர். பிஸ் 11%. சரி ஏதோ கண்டாமினேஷன்னு நெனச்சு கழுவி காயவச்சு ரெண்டாவது பேட்ச் போட்டா 10.6%. மூலப்பொருள் லாட் மாத்தி பாத்தாச்சு, ஈரப்பதம் பாத்தாச்சு, ஹெச்பிஎல்சி (எது எவ்ளோ இருக்குன்னு பிரிச்சு அளக்கறது) மெத்தட் மேலயே சந்தேகப்பட்டு, அதுல பிரிக்கற குழாயயும் மாத்தி பாத்தாச்சு.

எனக்கு சுத்தமா புரியாத விஷயம் என்னன்னா ரியாக்டர்ல நாங்க ஊத்துனது இன்னும் மெதுவா. டெம்பரேச்சர் 5-ஐ தாண்டிட்டே இருந்ததால நிறுத்தி நிறுத்தி ஊத்தி மூணர மணி நேரம் ஆச்சு. மெதுவா ஊத்துனா பிஸ் கொறையத்தானே செய்யணும்? எப்படி கூடுது? மேனேஜர் பைப்பரசின 4 ஈக்விவலன்ட் ஆக்குங்கிறார், எனக்கு அதுல இஷ்டம் இல்ல.

—

கண்ணாடிக்குடுவை:

முதல்ல மூணர மணி நேரத்துக்கு கணக்கு சொல்லிடறேன், அது உங்க தப்பு இல்ல. பாத்திரம் அதே வடிவத்துல 500 மடங்கு பெருசானா நீளம் அகலம் எல்லாம் 8 மடங்குதான் ஆகுது, சுவத்தோட பரப்பு 63 மடங்குதான் ஆகுது. உள்ள இருக்கற சூடு 500 மடங்கு, அது வெளிய போற வழி 63 மடங்கு. ஒரு லிட்டருக்குன்னு பாத்தா எட்டுல ஒரு பங்கு சுவர்தான் மிச்சம். அரை மணி நேரத்த 8-ஆல பெருக்குனா நாலு மணி நேரம், உங்க மூணரைக்கு பக்கத்துல வருதா? ஜாக்கெட்ல (ரியாக்டர சுத்தி குளிர் திரவம் ஓடற உறை) கொஞ்சம் கூடுதலா குளிர விட்டிருப்பீங்க, அதான் அரை மணி நேரம் மிச்சம்.

இப்ப பிஸ் விஷயம். என்னோட சந்தேகம் நேரம் மேலதான். உங்க ப்ராடக்ட் மூணர மணி நேரம் அங்கயே உக்காந்திருக்கு, உள்ள வந்துட்டே இருக்கற ஆசிட் குளோரைடோட அது சேர சான்ஸ் இருக்கு. இல்லன்னா ப்ராடக்டே மெதுவா மாறுதோ என்னமோ. லேப்ல முடிஞ்ச ரியாக்சன் மாஸ எடுத்து அதே 5 டிகிரில நாலு மணி நேரம் சும்மா வச்சிருந்து பிஸ் ஏறுதான்னு பாருங்க. அரை நாள் வேலைதான்.

—

பழைய_பேட்ச்ஷீட்:

தம்பி, ஹோல்டு டெஸ்ட் பண்ணுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா அதுல ஒன்னும் வராதுன்னு இப்பவே சொல்றேன். கேள்வில ஒரு விஷயத்த சொல்லவே இல்ல பாத்தீங்களா? ஸ்டிர்ரர். என்ன ஸ்டிர்ரர், என்ன ஆர்பிஎம், ஆசிட் குளோரைடு எந்த எடத்துல விழுது? நோட்புக்லயும் "கலக்கவும்"னு ஒத்த வார்த்ததான் இருக்கும், பந்தயம் கட்டறேன். லேப்ல இருந்து எங்களுக்கு வர்ற பேப்பர்ல டெம்பரேச்சர் தசம ஸ்தானம் வரைக்கும் இருக்கும், கலக்கறத பத்தி ஒரு வரி இருக்காது, இருபது வருசமா இதே கததான்.

ஆசிட் குளோரைடும் பைப்பரசினும் சேர்றது ரொம்ப வேகமான ரியாக்சன். சொட்டு விழுந்து அது பாத்திரம் முழுக்க பரவற வரைக்கும் எல்லாம் காத்துட்டு இருக்காது. இப்ப ஒரே ஒரு சொட்ட மட்டும் யோசிங்க. மொத்த ரியாக்டர்ல பாத்தா பைப்பரசின் தாராளமா இருக்கு, ஆனா அந்த சொட்டு விழுந்த எடத்துல ஒரு சின்ன மேகம் மாதிரி ஆசிட் குளோரைடு மட்டுந்தான் இருக்கு. அந்த மேகத்தோட ஓரத்துல இருக்கற பைப்பரசின் எல்லாம் உடனே ஒரு பக்கம் மாட்டிக்குது. புது பைப்பரசின் உள்ள வந்து சேர லேட்டாகுது. அந்த நேரத்துல ஆசிட் குளோரைடு என்ன பண்ணும், பக்கத்துல ஏற்கனவே ஒரு பக்கம் மாட்டுனவன் நிக்கறான், அவனோட இன்னொரு பக்கத்த புடிச்சிக்கும். பிஸ் ரெடி. இத்தனைக்கும் ஒரு பக்கம் மாட்டுனதுக்கப்புறம் அடுத்த நைட்ரஜனுக்கு வேகம் கொறைவுதான், ஆனா பக்கத்துல வேற ஆளே இல்லாதப்ப அந்த கொறைஞ்ச வேகமே போதும்.

அதனால உங்க 2 ஈக்விவலன்ட்ங்கறது காகிதத்துல இருக்கற சராசரி, சொட்டு விழற எடத்துல அது கிடையாது. மெதுவா ஊத்துனா சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவுல இடைவெளி கூடுமே தவிர, ஒவ்வொரு சொட்டும் கலையறதுக்கு எடுத்துக்கற நேரம் மாறாது. ஒவ்வொரு சொட்டும் விழற எடத்துலயே பிஸ் பண்ணிட்டுத்தான் போகும், நீங்க மூணர மணி நேரம் ஊத்துனாலும் சரி, மூணு நாள் ஊத்துனாலும் சரி.

லேப்ல உங்க மேக்னட் 600 ஆர்பிஎம்ல சுத்திருக்கும், ரியாக்டர்ல எவ்ளோ? 80? கலந்து முடிக்கற நேரம் சுமாரா ஆர்பிஎம்முக்கு தலைகீழா போகும், அப்ப அங்க ஒரு செகண்ட்ல நடந்தது இங்க ஏழு எட்டு செகண்ட். அப்ப ரியாக்டரயும் 600-ல ஓட்டிடலாமேன்னு கேட்டா, அதே வடிவத்துல 8 மடங்கு பெரிய ஸ்டிர்ரர அதே ஆர்பிஎம்ல சுத்த, லிட்டருக்கு 63 மடங்கு பவர் வேணும். மோட்டாரும் தாங்காது ஷாஃப்ட்டும் தாங்காது.

நாளைக்கே பண்ணக்கூடிய டெஸ்ட் ஒன்னு சொல்றேன். பெருசுல நடக்கற கோளாற சின்னதுல வரவழைக்கணும். அதே 500 எம்எல் ஃப்ளாஸ்க், எல்லாம் அதே, ஸ்டிர்ரர மட்டும் 100-க்கு எறக்குங்க. பிஸ் ஏறிச்சுன்னா கேஸ் முடிஞ்சுது.

—

நாலு_ஈக்விவலன்ட்:

இவ்ளோ ஆராய்ச்சி எதுக்கு ப்ரோ, மேனேஜர் சொன்ன மாதிரி பைப்பரசின கூட போட்டுட்டு தண்ணில கழுவி எடுத்துடுங்க, அது தண்ணில நல்லா கரையும். பேட்ச் பாஸ் ஆகணும் அவ்ளோதானே.

—

மோல்_கணக்கு:

@நாலு_ஈக்விவலன்ட் ப்ரோ, கழுவறப்ப எங்க ப்ராடக்ட்டும் கொஞ்சம் தண்ணிக்கு போகுது, அதுலயும் ஒரு நைட்ரஜன் சும்மாதானே இருக்கு. 2-லயே ரெண்டு தடவ கழுவறோம், 4 ஆச்சுன்னா அந்த கழிவு தண்ணிய என்ன பண்றதுன்னு அடுத்த டிபார்ட்மென்ட் என்ன தேடி வரும்.

@பழைய_பேட்ச்ஷீட் அண்ணே, பந்தயத்துல நீங்க ஜெயிச்சிட்டீங்க, நோட்புக்ல "நன்கு கலக்கவும்"னு இருக்கு, நீங்க சொன்னத விட ஒரு வார்த்த கூடுதல். ரியாக்டர்ல ஆங்கர் ஸ்டிர்ரர், 80 ஆர்பிஎம். மேல மூடில இருக்கற நாசில்ல இருந்து சுவர ஒட்டி கீழ விழுது.

—

பழைய_பேட்ச்ஷீட்:

ஆங்கரா! அது கூழ் மாதிரி கெட்டியான சரக்க சுவர்ல ஒட்டாம வழிச்சு விடறதுக்கு உள்ளது தம்பி. தண்ணி மாதிரி இருக்கற சால்வென்ட்ல அது என்ன பண்ணும்னா மொத்தத்தையும் ராட்டினம் மாதிரி சுத்தி விடும். சுத்தறது வேற கலக்கறது வேற. மேல இருந்து பாத்தா நல்லா வேகமா போற மாதிரி தெரியும், மேல் தண்ணி மேலயே, கீழ் தண்ணி கீழயே. பேஃபிள் (சுத்தற தண்ணிய தடுத்து கலக்க வைக்கற தகடு) இருக்கா? இல்லன்னா இன்னும் மோசம்.

கண்ணால பாக்கணும்னா ரியாக்டர் காலியா இருக்கற நாள்ல வெறும் தண்ணி நெரப்பி கொஞ்சூண்டு காஸ்டிக் சோடா போட்டு, நிறம் நல்லா தெரியற அளவுக்கு ஃபீனால்ஃப்தலின் கரைசல் ஊத்துங்க, முழுக்க பிங்க் ஆகும். நீங்க வழக்கமா ஊத்தற அதே நாசில் வழியா காஸ்டிக்குக்கு கொஞ்சமே கூடுதலான அளவு ஆசிட்ட ஊத்திட்டு சைட் கிளாஸ்ல லைட்டு அடிச்சு பாருங்க. பிங்க் கடைசியா எங்க போகுதோ அதான் உங்க செத்த மூல.

—

புது_ட்ரெயினி:

ஒரு முட்டாள்தனமான கேள்வி, திட்டாதீங்க. பெருசாக்குனாத்தான பிரச்சன, அப்ப 500 சின்ன ஃப்ளாஸ்க்க வரிசையா வச்சு பண்ணா என்ன?

—

கண்ணாடிக்குடுவை:

@புது_ட்ரெயினி முட்டாள்தனம் எல்லாம் இல்ல, அதே யோசனைலதான் ஃப்ளோ ரியாக்டர்னு ஒரு வகையே வந்துச்சு. 500 ஃப்ளாஸ்க்குக்கு பதிலா ஒரு மில்லிமீட்டர் சுமார் உள்அகலம் உள்ள ட்யூப், ரெண்டு பம்ப், ரெண்டு கரைசலும் ஒரு டி ஜாயின்ட்ல சந்திக்கும், ட்யூப் முடியறதுக்குள்ள ரியாக்சன் முடிஞ்சு வெளிய வந்துடும். நிறைய வேணும்னா பாத்திரத்த பெருசாக்காம நிறைய நேரம் ஓட்டுவாங்க, இல்லன்னா ட்யூப் எண்ணிக்கைய கூட்டுவாங்க. உள்ள எந்த நேரத்துலயும் கொஞ்சம் சரக்குதான் இருக்கும், சூடும் உடனே வெளிய போய்டும், ஆபத்தான சில ரியாக்சன எல்லாம் இப்ப இப்படித்தான் பண்றாங்க. ஆனா இந்த கேஸ்ல பைப்பரசினோட ஹைட்ரோகுளோரைடு உப்பு வெள்ளையா விழும் இல்லையா, அது அந்த ஒத்த மில்லிமீட்டர் ட்யூப்ல போய் அடைச்சா அன்னைக்கு பொழப்பு போச்சு.

அப்புறம் மோல்_கணக்கு மனசு விட வேணாம். ஜெர்மன் கெமிஸ்ட் ஹேபர் 1909-லயே மேஜ மேல நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேத்து அம்மோனியா சொட்டு சொட்டா எடுத்து காட்டிட்டார். அது ஜெர்மனில ஓப்பாவ்ங்கற ஊர்ல தொழிற்சாலையா ஓட 1913 ஆச்சு. நடுவுல அத பெருசாக்குன பாஷ் டீமுக்கு வந்த தலவலி எல்லாம் பாத்திரத்தால. அந்த அழுத்தத்துலயும் சூட்டுலயும் ஹைட்ரஜன் ஸ்டீலுக்குள்ள பூந்து அதுல இருக்கற கார்பன தின்னுடும், ட்யூப் வெடிச்சிரும். கடைசில உள்ள கார்பன் கம்மியான மிருதுவான இரும்பு லைனிங், வெளிய ஸ்டீல், அந்த ஸ்டீல்ல சின்ன சின்ன ஓட்ட, கசியற ஹைட்ரஜன் அது வழியா வெளிய போய்டட்டும்னு. ஓட்ட போட்டு பாத்திரத்த காப்பாத்துன ஆளுங்க! ரியாக்சன் ஹேபர் மேஜைல இருந்த அதே ரியாக்சன்தான்.

—

ஷிஃப்ட்_மூணு:

நான் கெமிஸ்ட் இல்ல, ரியாக்டர் ஓட்டுன ஆளு. கலக்கறத பத்தி பேசறதால என்னோட அனுபவம் ஒன்னு சொல்லிட்டு போறேன்.

ராத்திரி ஷிஃப்ட், இதே மாதிரி ஊத்திட்டு இருக்கற ஸ்டெப். ஸ்டிர்ரர் மோட்டார் ட்ரிப் ஆயிருக்கு, பேனல்ல லைட்டு பியூஸ் போனதால யாருக்கும் தெரியல, ஊத்தற பம்ப் பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு. டெம்பரேச்சர் ஏறவே இல்ல, ஆஹா இன்னைக்கு சமத்தா போகுதேன்னு சந்தோசமா வேகத்த வேற கூட்டுனோம். ஊத்துனதெல்லாம் அடில போய் தனி அடுக்கா படுத்துருக்கு. இருபது நிமிசம் கழிச்சு ஒருத்தன் ஷாஃப்ட் சுத்தலன்னு பாத்துட்டு பதறிப்போய் ஸ்விட்ச்ச போட்டுட்டான். ஒரே அடியா ரெண்டு அடுக்கும் கலந்துச்சு. நுர பொங்கி கண்டென்சர் வழியா வென்ட் லைன் வரைக்கும் போச்சு. நல்லவேள யாரும் மேல இல்ல. அதுக்கப்புறம்தான் ஸ்டிர்ரர் நின்னா பம்ப்பும் தானா நிக்கற மாதிரி இன்டர்லாக் போட்டாங்க.

அதனால ஊத்தறப்ப டெம்பரேச்சர் ஏறலன்னா சந்தோசப்படாதீங்க, முதல்ல ஷாஃப்ட்ட பாருங்க. நின்னு போயிருந்தா போட்டுடாதீங்க, ஊத்தறத நிறுத்திட்டு பெரியவங்களுக்கு ஃபோன் போடுங்க.

—

பழைய_பேட்ச்ஷீட்:

@ஷிஃப்ட்_மூணு அண்ணே சொன்னது தங்கம். சேந்து கெடக்கற சரக்கு எவ்ளோ சூட்ட வெளிய விடும்னு ஒரு எளிய கணக்கு இருக்கு, எல்லாரும் போட்டு வச்சுக்கோங்க. மோலுக்கு 150 கிலோஜூல் வெளியாகுதுன்னு வச்சுக்கலாம், லிட்டருக்கு அர மோல் இருந்தா 75 கிலோஜூல். ஒரு லிட்டர் சால்வென்ட்ட 1 டிகிரி ஏத்த சுமாரா 1.6-ல இருந்து 2 கிலோஜூல் போதும். ஆக மொத்தமும் ஒரே நேரத்துல ரியாக்ட் ஆனா 40 டிகிரி பக்கம் ஏறும். 5-ல இருந்து 45, பொழச்சீங்க. இதையே 25 டிகிரில, மூணு மடங்கு கெட்டியா பண்ணா 140-ஐ தாண்டும், சால்வென்ட் அதுக்கு ரொம்ப முன்னாடியே கொதிச்சு மூடியத் தேடும்.

இத்தாலில நடந்த செவெசோ விபத்தும் இந்த மாதிரி நின்னு போன ஸ்டிர்ரர் கததான். 1976 ஜூலை 10, சனிக்கிழம காலைல வார லீவுக்காக ட்ரைகுளோரோஃபீனால் பேட்ச்ச பாதில நிறுத்தி, 158 டிகிரில ஸ்டிர்ரர ஆஃப் பண்ணிட்டு ஆளுங்க கெளம்பிட்டாங்க. 158-ல ஒன்னும் ஆகாதுங்கறதுதான் அவங்க நெனப்பு. ஆனா அன்னைக்கு ஸ்டீம் வழக்கத்த விட ரொம்ப சூடா வந்துருந்துச்சு, திரவ மட்டத்துக்கு மேல இருந்த சுவர் அந்த சூட்ட புடிச்சு வச்சிருந்துச்சு. கலக்கம் இல்லாததால மேல் அடுக்கு மட்டும் சூடாகி அங்க ரியாக்சன் மெதுவா ஆரம்பிச்சு, சில மணி நேரம் கழிச்சு மதியம் ரப்சர் டிஸ்க் (அழுத்தம் மீறுனா தானா உடையற பாதுகாப்பு தகடு) உடைஞ்சு டயாக்சின்ங்கற விஷம் ஊர் மேல போச்சு. மொத்த மாஸோட சராசரி டெம்பரேச்சர மட்டும் பாத்தா அது புரியவே புரியாது. உங்க பிஸ்ஸும் இதே ஜாதி, சின்ன சைஸ்.

—

மோல்_கணக்கு:

பத்து நாள் ஆச்சு, ரிசல்ட்டோட வந்திருக்கேன்.

ஹோல்டு டெஸ்ட்: நாலு மணி நேரம் வச்சும் பிஸ் 3.1, அசையல. சாரி கண்ணாடிக்குடுவை.

ஆர்பிஎம் டெஸ்ட்: 600-ல 3.1, 300-ல 5.2, 100-ல 9.8. அந்த 9.8-ஐ ஸ்க்ரீன்ல பாத்தப்ப சத்தியமா கை தட்டிட்டேன், பக்கத்து டேபிள்ல இருந்தவங்க இம்ப்யூரிட்டி ஏறுனதுக்கு எவனாச்சும் கை தட்டுவானான்னு பாத்தாங்க. இன்னொன்னும் பண்ணேன், 100 ஆர்பிஎம்லயே ஆசிட் குளோரைட அஞ்சு மடங்கு சால்வென்ட்ல கரைச்சு, ஊசி வழியா மேக்னட்டுக்கு பக்கத்துல விட்டேன், 4.4.

பிங்க் டெஸ்ட்டும் பண்ணோம். நாசில் இருக்கற சுவர் பக்கம் மேல ஒரு வளையம் மாதிரி பிங்க் ரொம்ப நேரம் அப்படியே சுத்திட்டு இருந்துச்சு, மேனேஜரயே கூப்புட்டு சைட் கிளாஸ்ல காட்டுனேன், அதுக்கப்புறம் 4 ஈக்விவலன்ட் பேச்ச எடுக்கல.

ஆங்கர கழட்டி சாய்ஞ்ச பிளேடு டர்பைன் போட்டோம், பேஃபிள் ஒன்னு, டிப் ட்யூப் (திரவத்துக்குள்ள இறங்கற குழாய்) எறக்கி இம்பெல்லருக்கு (ஸ்டிர்ரரோட பிளேடு) கிட்ட ஊத்துனோம், ஆசிட் குளோரைட கரைச்சு ஊத்துனோம். மூணாவது பேட்ச் பிஸ் 4.1. ஸ்பெக் 5-க்குள்ள, பாஸ்!

ஆனா புது தலவலி. பாதிலயே டிப் ட்யூப் அடைச்சிடுச்சு. வெளிய எடுத்து பாத்தா வாய்ல வெள்ளையா உப்பு, சுண்ணாம்பு புடிச்ச பைப் மாதிரி, நடுவுல பென்சில் முனை போற அளவுதான் ஓட்ட இருந்துச்சு. இதுக்கு என்ன பண்றது?

—

பழைய_பேட்ச்ஷீட்:

சபாஷ் தம்பி. அடைப்பு ஏன்னா ட்யூப் பெருசா இருந்து ஃப்ளோ கம்மியா இருந்தா வெளிய இருக்கற பைப்பரசின் கரைசல் ட்யூப் வாய்க்குள்ள திரும்ப ஏறி வந்து உள்ளயே ரியாக்ட் ஆகி உப்பு கட்டும். ட்யூப் உள்அகலத்த கொறைங்க, வாய்ல வேகம் கூடணும். நிறுத்தி நிறுத்தி ஊத்தாதீங்க, கொஞ்சமா இருந்தாலும் ஓடிட்டே இருக்கட்டும், நிறுத்தியே ஆகணும்னா வெறும் சால்வென்ட்டாவது சொட்டிட்டு இருக்கணும். ஊத்தறதுக்கு முன்னாடியும் முடிச்சதும் சால்வென்ட் விட்டு கழுவுங்க. லைன்ல ஒரு பிரஷர் கேஜ் போட்டா அடைக்க ஆரம்பிக்கறது முன்னாடியே தெரிஞ்சிடும்.

—

கண்ணாடிக்குடுவை:

சாரி எல்லாம் எதுக்கு, தப்பான யூகத்த அர நாள்ல தூக்கி போட்டோமே. ஒரு சின்ன ஐடியா: பைப்பரசினோட ரெண்டு நைட்ரஜனும் ஆரம்பத்துல ஒரே அளவுக்கு பேஸிக்தான், ஆனா முதல் பிகேஏ (ப்ரோட்டான எவ்ளோ இறுக்கி புடிக்கும்னு காட்டற எண்) 10-க்கு பக்கம், ஒரு ப்ரோட்டான் ஏறுனப்புறம் அடுத்தது 5 சொச்சம். முதல்லயே ஒரு ஈக்விவலன்ட் ஆசிட் போட்டு ஒரு பக்கத்த பூட்டிட்டு ஊத்துனா பிஸ் கொறையறதுக்கு வாய்ப்பு இருக்கு, சில பேர் அப்படி பண்ணுவாங்க. சால்வென்ட் மாத்த வேண்டி வரும், உப்பு கரையணுமே. லேப்ல ஒரு தடவ பாருங்க, 100 ஆர்பிஎம்லயே பாருங்க.

—

மோல்_கணக்கு:

100-லயே போடறேன். நோட்புக்ல ஆர்பிஎம்மும் எழுதிட்டேன் அண்ணே, மேக்னட் நீளம் 3 செமீ, சொட்டு விழற எடம் எல்லாம் படம் போட்டு.